பால் பொங்காத வீடு

இலங்கையை ஒரு சுற்றுச் சுற்றி வந்த எங்கள் வேன் கடைசியில் படுத்துக்கொண்டது கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்தடியில். பின்னால் ஒரு தனியார் பஸ், அதற்குப் பின்னால் இன்னொன்று. எல்லாரும் சேர்ந்து என் ஒருத்தியைப் பார்த்து ஹோர்ன் அடித்தார்கள். மன்னார் மணலில் நிற்காத எஞ்சின், பொத்துவில் மழையில் நிற்காத எஞ்சின், நாங்கள் குடியிருக்கப் போகிற நகரத்தைக் கண்டதும் நின்றுவிட்டது. எனக்குக் கோபம் வந்தால் கை முதலில் ஸ்டியரிங்கைத்தான் அடிக்கும். பக்கத்துச் சீட்டில், மடியிலிருந்த பருப்புச் சட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்த என் கணவர், "அதை ஏன் அடிக்கிறீர்? ஆறுதலா ஸ்டார்ட் பண்ணும்" என்றார். பஸ்காரர்கள் ஆறுதலாக இருந்திருந்தால் நானும் இருந்திருப்பேன். ஒரு வழியாக அது இருமிக்கொண்டு கிளம்பியது.

வேனை ஓட்டுவது நான், சமைப்பது அவர். இதைச் சொன்னால் யாரும் ஒரு தடவையில் நம்புவதில்லை. என் அப்பா கலஹா பக்கத்துத் தோட்டமொன்றில் லொறி ஓட்டியவர். அவர் இருந்தவரைக்கும் எங்கே போனாலும் என்னைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு போவார், அதனால் வளைவுகளும் கியரும் எனக்குச் சின்ன வயதிலேயே பழக்கம். என் கணவர் யாழ்ப்பாணத்துக்காரர். அவரிடம் வண்டியைக் கொடுத்தால் எதிரே வருகிற எல்லாருக்கும் வழிவிட்டு வழிவிட்டு, கிளம்பின இடத்திலேயே எங்களை வைத்திருப்பார். ஆனால் ஓடுகிற வண்டியில் ஒற்றை காஸ் அடுப்பை வைத்துக்கொண்டு அவர் ஆக்கிப்போட்ட மீன் குழம்பை நான் ஏழு பிறப்பு எடுத்தாலும் ஆக்க மாட்டேன்.

கலியாணம் முடித்த கையோடு கொழும்பு வாடகை அறையை விட்டுவிட்டோம். ஒரு பேக்கரிக்குப் பாண் ஏற்றி ஓடிய பழைய வேனை வாங்கி, உள்ளே கட்டிலும் அடுப்பும் தண்ணீர்த் தாங்கியும் பொருத்திக்கொண்டு கிளம்பினோம். அவர் லெப்டொப்பில் மொழிபெயர்ப்பு வேலை செய்வார். நான் போனில் பிள்ளைகளுக்கு விஞ்ஞான வகுப்பு எடுப்பேன். எங்கே சிக்னல் ஒழுங்காக வருகிறதோ அதுதான் அன்றைக்கு எங்கள் ஊர். மழை பெய்து கதவுகளைச் சாத்தினால் உள்ளே இன்னும் பாண் வாசம் வரும். அந்த வாசத்தில் தூங்கி எழும்பிய காலம் என் வாழ்க்கையின் நல்ல காலம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அப்புறம்தான் எனக்கு ஆசிரியர் நியமனம் வந்தது. எப்போதோ விண்ணப்பித்து, இனி வராது என்று மறந்தே போயிருந்தேன். கண்டியில் பள்ளிக்கூடம். போனில் அம்மா போட்ட சத்தம் கலஹாவிலிருந்து நேரடியாகவே கேட்டிருக்கும். "போய்ச் சேருவோமா?" என்று அவரிடம் கேட்டேன். "ஓம், போவம்" என்றார்.

அந்த ஓம்தான் என்னைப் படுத்தியது. அவர் எதற்கும் ஓம் சொல்வார். சாப்பிட்டீங்களா, ஓம். பசிக்குதா, ஓம். உண்மையிலேயே சம்மதித்துச் சொல்கிறாரா, எனக்காக வாயால் மட்டும் சொல்கிறாரா என்று கண்டுபிடிக்க வழியில்லை. வேனில் இருந்த மனிதர் எவ்வளவு சந்தோஷமாக இருந்தார் என்று எனக்குத் தெரியும். அப்படிப்பட்டவரைக் கொண்டுவந்து நாலு சுவருக்குள் போட்டு, அவர் என் வேலைக்காக உள்ளுக்குள் புழுங்கிக்கொண்டே காலம் தள்ளுவாரோ என்பதுதான் என் பயம். அப்படி ஒரு குடித்தனம் எனக்கு வேண்டாம். நியமனத்தையே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

வீடு கட்டுகஸ்தோட்டை வீதியிலிருந்து மேலே ஏறும் ஒரு சந்துக்குள் கிடைத்தது. மேல்மாடி எங்களுக்கு, கீழே வீட்டுக்காரம்மா. அவர் முஸ்லிம், கணவரை இழந்தவர், பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில். என்னை முதல் நாளே "மகள்" என்று கூப்பிட்டுவிட்டார். சந்துக்குள் வேன் ஏறாது. ஓட்டோவே மூச்சு வாங்கித்தான் ஏறும். அதற்கும் அவரே வழி சொன்னார். கெலிஓயாவில் அவருடைய தம்பி ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கிறார், கடைக்குப் பின்னால் பெரிய வளவு, அங்கே கொண்டுபோய் விடுங்கள் என்றார். சாமான்களை இறக்கிவிட்டு வேனைக் கெலிஓயாவில் விட்டுத் திரும்பும்போது, பஸ்ஸில் என் கணவர் பின்பக்கமாகவே பார்த்துக்கொண்டு வந்தார். நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

வீட்டில் எங்கள் கூத்தைக் கேட்கக் கூடாது. மூன்று அறை இருந்தும் இரண்டு பேரும் ஒரே அறையில்தான் நிற்போம். அந்த அகலமான சமையலறையில் அவர் எதிரே வந்தால் நான் வயிற்றை எக்கிக்கொண்டு சுவரோடு ஒட்டுவேன். குழாயைப் பாதி திறந்து, ஒரு கோப்பைத் தண்ணீரில் முகம் கழுவி, மிச்சத்தில் கரண்டியைக் கழுவுவோம். அவர் மேசையில் தேநீர் வைத்தால் கோப்பையை விட்டுக் கையை எடுக்கவே மாட்டார், வளைவில் சரிந்துவிடுமாம். "வீடு திரும்பாதுங்க" என்று நான் சொல்லிச் சிரிப்பேன். பள்ளிக்கூடம் விட்டு வாவியைச் சுற்றி வரும் நெரிசலில் நசுங்கி, மார்க்கெட்டில் கீரைக்கும் கருவாட்டுக்கும் வாயைக் கொடுத்து, மழையில் நனைந்து மேலே ஏறி வந்தால் எனக்கு அந்த வீடு பிடித்திருந்தது. இந்தச் சனமும் இரைச்சலும்கூடப் பிடித்திருந்தன. அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை. எனக்குப் பிடித்திருக்கிறது என்றால் அவரும் உடனே ஓம் போடுவாரே.

வந்து சேர்ந்த முதல் வெள்ளிக்கிழமை பால் காய்ச்சினோம். அம்மா கலஹாவிலிருந்து விடியற்காலை பஸ்ஸிலேயே வந்துவிட்டார். புதுப் பாத்திரத்துக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, நல்ல நேரம் பார்த்து, என்னை அடுப்புக்கு முன்னால் நிறுத்தினார். வீட்டுக்காரம்மா வட்டிலப்பத்தோடு மேலே வந்தார். கனடாவிலிருக்கும் என் கணவரின் அக்காவை வீடியோவில் அழைத்து, போனைச் சீனி டின்னில் சாய்த்து வைத்திருந்தோம். அவருக்கு அப்பா அம்மா இல்லை. இருக்கும் ஒரே உறவு அந்த அக்காதான்.

பால் மெல்ல ஏறியது. எந்தப் பக்கம் வழிகிறது என்று பார்க்க அம்மா குனிந்துகொண்டார். நுரை விளிம்புக்கு வந்து, தயங்கி, இதோ வழியப் போகிறது என்கிற நேரத்தில், என் தோளுக்கு மேலாக ஒரு கை நீண்டுவந்து காஸை டக்கென்று மூடியது. என் கணவருடைய கை. பால் அப்படியே இறங்கிப் பாத்திரத்துக்குள் அடங்கிவிட்டது. மேலே ஆடை படிய ஆரம்பித்தது.

அம்மாதான் முதலில் வாயைத் திறந்தார்.

"என்னா மாப்பிள்ள இப்புடிப் பண்ணிட்டீங்க!"

"பொங்காட்டி என்ன, வீட்டுட பரக்கத் அல்லாட கையில" என்று வீட்டுக்காரம்மா சமாளித்தார்.

அவரை எல்லார் முன்னாலும் விட்டுக்கொடுக்க முடியுமா? நான்தான் சிரித்துக்கொண்டு ஆரம்பித்தேன். "அம்மா, அது வேன் பழக்கம். வேனுக்குள்ள எதையும் பொங்க விடக் கூடாது. மன்னார்ல ஒருக்கா சோத்துக் கஞ்சி பொங்கி, கட்டில் பலகைக்கு அடியில எல்லாம் ஓடி, ஒரு மாசம் எறும்போட குடும்பம் நடத்துனோம். அதுல இருந்து இவருக்குக் கண்ணு எப்பவும் அடுப்புலதான். கை தன்னாலயே போயிருச்சு." கொஞ்சம் நடித்தும் காட்டினேன். வீட்டுக்காரம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். என் கணவரும் தரையைப் பார்த்துக்கொண்டு, "ஓம், பழக்கம்" என்றார். போனுக்குள் இருந்த அக்கா மட்டும் சிரிக்கவில்லை. ஏன் எதற்கு என்றும் கேட்கவில்லை. "சரி, நான் வைக்கிறன்" என்று போனை வைத்துவிட்டார்.

அம்மாவும் சிரிக்கவில்லை. இறங்கிப் போகும்போது படியில் நின்று என்னிடம் தனியாகச் சொன்னார். "பழக்கமோ என்னாவோ, வர்ற வெள்ளிக்கெழம மறுபடியும் காய்ச்சிரு. பொங்காத வீட்டுல குடித்தனம் நெலைக்காதுடி. அவருக்கு இங்க இருக்க மனசில்லையா?"

நான் எதைக் கேட்கப் பயந்துகொண்டிருந்தேனோ அதையே கேட்டுவிட்டார். அம்மாவின் மேல் எரிந்து விழுந்தேன். "அதெல்லாம் ஒண்ணும் இல்ல, நீ பஸ்ஸப் பிடி" என்று அனுப்பிவைத்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை பாலை வாங்கி வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தால் அதில் தேநீர் போட்டு எனக்கும் ஒரு கோப்பை ஊற்றி வைத்திருந்தார். அதற்கடுத்த வெள்ளி அவசர மொழிபெயர்ப்பு என்று லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார். அதற்கடுத்த வெள்ளி தலையிடி. பச்சைப்பிள்ளைக்கும் விளங்கும், இந்த மனிதர் வேண்டுமென்றே நழுவுகிறார் என்று. அம்மா ஒவ்வொரு வெள்ளியும் போன் எடுத்து, "காய்ச்சியாச்சா?" என்பார். நான் ஒவ்வொரு வெள்ளியும் ஒரு பொய் சொல்வேன்.

ஒரு சந்தேகம் வந்துவிட்டால் பார்ப்பதெல்லாம் அதற்கே சாட்சி சொல்லும். சமையலறை அலுமாரி காலியாகவே கிடந்தது. தட்டும் கோப்பையும் இன்னும் வேனில் வைத்த மாதிரியே பெட்டிக்குள், ஆடாமல் இருக்க நடுவில் துணி சுற்றி. சமைக்கும்போது எடுப்பார், கழுவித் துடைத்துத் திரும்பச் சுற்றி வைப்பார். சனிக்கிழமை ஆனால் கெலிஓயாவுக்குப் போய்விடுவார். எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கவாம், இல்லாவிட்டால் பெட்டரி இறங்கிவிடுமாம். ஸ்டார்ட் பண்ண எவ்வளவு நேரம் ஆகும்? இந்த மனுசன் பின்னேரம்தான் வருவார். வரும்போது முகம் கழுவிவிட்ட மாதிரி தெளிவாக இருக்கும். அந்தத் தெளிவைப் பார்த்தால் எனக்கு எரியும்.

ஒரு சனிக்கிழமை பொறுக்க முடியாமல் நானும் பஸ் ஏறினேன். பேராதனை தாண்டி கெலிஓயா போய்ச் சேர்வதற்குள் என்னென்ன கேட்க வேண்டும் என்று மனதுக்குள் எல்லாம் அடுக்கி வைத்துவிட்டேன். கடைக்காரத் தம்பி, "பின்னுக்குத்தான் ஈக்கிறார், போங்க" என்று கையைக் காட்டினார். வளவில், பி.வி.சி குழாய்க் கட்டுகளுக்கும் தகரத்துக்கும் நடுவில் எங்கள் வேன் கழுவித் துடைத்து நின்றது. பக்கத்துக் கதவு திறந்திருந்தது. என் கணவர் கட்டிலில் காலை மடித்து உட்கார்ந்து, மடியில் லெப்டொப்பை வைத்து ஏதோ தட்டிக்கொண்டிருந்தார். வெளியே பைப்பிலிருந்து தண்ணீர்த் தாங்கி நிரம்பிக்கொண்டிருந்தது.

அடுக்கி வைத்த கேள்வியெல்லாம் போன இடம் தெரியவில்லை. தாங்கியில் தண்ணீர் நிரப்புவது நாங்கள் கிளம்புகிற அன்றைக்குத்தான்.

"எப்பக் கெளம்புறீங்க?" என்று கேட்டேன்.

அவர் தலையைத் தூக்கி விழித்தார். "எங்க?"

"அதைத்தான் நானும் கேக்குறேன். எங்க? தண்ணி நெரப்பியாச்சு, வண்டி கழுவியாச்சு, தட்டும் கோப்பையும் கட்டுன கட்டுலயே இருக்கு. பால் காய்ச்சுறதுன்னா ஓடி ஒளியிறீங்க. இங்க இருக்கப் பிடிக்கலன்னா வாயத் தொறந்து சொல்லுங்க. நான் போய் வேலைய விட்டுட்டு வர்றேன். மறுபடி ரோட்டுக்கே போவோம். இப்புடிச் சும்மா சும்மா ஓம் போட்டு என்னைய வதைக்காதீங்க!"

கடைப்பக்கம் பெயின்ட் வாங்க வந்தவர்கள் எட்டிப்பார்த்தார்கள். பார்க்கட்டும் என்றிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. கோபத்தில் அழுவதைப்போல வெட்கக்கேடு வேறு இல்லை.

அவர் இறங்கிவந்து முதலில் பைப்பை மூடினார். "தாங்கி வெறுமையாக் கிடந்தா மணக்கும். அதுக்குத்தான் கழுவி நிரப்பினனான். தட்டை ஏன் சுத்தி வைக்கிறன் எண்டு எனக்கே தெரியாது, நான் கவனிக்கேல்லை. வீட்டில சுவரெல்லாம் தூரத்தில நிக்குது, எனக்கு வேலை ஓடுதில்லை. அதுதான் இஞ்ச வந்து எழுதுறன்" என்றார். ஒவ்வொன்றையும் அவ்வளவு நிதானமாகச் சொன்னார். அதுவே எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

"அப்போ பால்?"

அவர் வேனின் படியில் உட்கார்ந்தார். எனக்கும் இடம் விட்டு நகர்ந்துகொண்டார். நான் உட்காரவில்லை.

"அண்டைக்கு அடுப்பைப் பழக்கத்தில நூத்தேல்லை" என்றார் கடைசியில். "தெரிஞ்சுதான் நூத்தனான்."

அப்போதுதான் பக்கத்தில் உட்கார்ந்தேன். மனதில் பயந்தது சரியாகப் போய்விட்டது என்று நினைத்தேன்.

"எங்கட அம்மா போன இடமெல்லாம் பால் காய்ச்சினவா" என்று அவர் தரையைப் பார்த்தபடியே சொன்னார். "சொந்த வீடு கட்டிக் குடிபோகேக்கை காய்ச்சினவா. அது எனக்கு நல்லா ஞாபகம், அப்ப நான் சின்னப் பெடியன். கொஞ்சக் காலத்தில அதை விட்டிட்டு ஓடினம். பிறகு சாவகச்சேரியில ஒரு வீடு. அங்கயும் காய்ச்சினவா. பிறகு கிளிநொச்சி. பிறகு தறப்பாள் விரிச்ச கொட்டில். அதுக்குள்ளயும் விடேல்லை, பால்மாவைக் கரைச்சு, ஈர விறகை ஊதி ஊதிக் காய்ச்சினவா. ஒரு இடத்திலயும் பிழை வரேல்லை. எல்லா இடத்திலயும் வடிவாத்தான் பொங்கினது. நானும் அக்காவும் கை தட்டினனாங்கள். ஒரு இடத்திலயும் எங்களை இருக்க விடேல்லை."

எங்கள் கலியாணத்துக்கு முன்பே அவருடைய அம்மா போய்விட்டார். இடம்பெயர்ந்த கதைகள் எனக்குத் தெரியும், பொதுவாகத் தெரியும். எங்கே இருந்தார்கள், எங்கே படித்தார் என்ற அளவுக்கு. பால் காய்ச்சிய கதை தெரியாது. அன்றைக்குக் கனடாவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த அக்கா ஏன் ஒன்றும் கேட்காமல் போனை வைத்தார் என்று இப்போது விளங்கியது.

"வேனுக்கு நாங்கள் பால் காய்ச்சேல்லை" என்றார். "வேனை விட்டு எங்களை ஒருத்தரும் எழுப்பேல்லை."

"நிலாவெளியில பொலிஸ்காரர் வந்து எழுப்பினாரே" என்றேன். அந்த நேரத்திலும் என் வாய் சும்மா இருக்கவில்லை.

"அவர் வேனோட சேத்தெல்லோ போகச் சொன்னவர்."

நான் சிரித்தேன். அழுதுகொண்டே சிரித்ததில் மூக்கு ஒழுகியது. அவர் தன் சட்டை நுனியைத் தூக்கிக் கொடுத்தார்.

"எனக்கு அந்த வீடு விருப்பம்" என்றார். "நீர் பள்ளிக்கூடத்தால வந்து, படியேறேக்கையே ஆரையோ திட்டிக்கொண்டு வருவீர். மேல நிண்டு கேட்டுக்கொண்டிருப்பன். நான் சமைச்சு வைச்சிட்டு, ஒரு ஆள் வீட்டுக்கு வாறதைப் பாத்துக்கொண்டு நிண்டது என்ர சீவியத்தில இப்பதான். இதையும் பொங்க வைச்சுக் குடுக்க எனக்குப் பயமாக் கிடந்தது. அதுதான் நூத்தனான்."

"இதை முன்னாடியே சொல்றதுக்கு என்னா?"

"சொன்னா நீர் சிரிப்பீர்."

சிரித்துத்தான் இருப்பேன். சிரித்துவிட்டு, இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு நம்பிக்கையா என்று ஒரு விஞ்ஞான வகுப்பே எடுத்திருப்பேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டு அந்தப் படியிலேயே உட்கார்ந்திருந்தேன். இத்தனை நாளும் நான் எதைப் பார்த்து, இவருக்கு இருக்க மனசில்லை என்று குமைந்தேனோ, அது அவர் இருக்க ஆசைப்பட்ட ஆசை. அதை நினைக்க நினைக்க அவர்மேல் எனக்கு வந்த அன்பை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. கடைக்காரத் தம்பி இரண்டு பிளேன் டீ கொடுத்து அனுப்பினார். எங்கள் சண்டை சமாதானமாகிவிட்டதென்று அவருக்கும் கேட்டிருக்க வேண்டும்.

வேனை விற்கவில்லை. பள்ளிக்கூட விடுமுறை வந்தால் ஓட்டலாம், சனிக்கிழமைகளில் அவர் அதில் இருந்து எழுதலாம் என்று முடிவாயிற்று. ஒரு சிக்கல்தான் மிச்சம் இருந்தது. என் அம்மா.

என் பொய்களை அவர் ஒன்றையும் நம்பியிருக்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை பின்னேரம் நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது, கீழே வீட்டுக்காரம்மாவோடு கதைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மடியில் துவாயில் சுற்றிய ஒரு பெரிய போத்தல். "பக்கத்து லயத்து வீட்டுல கறந்த பாலு. பஸ்ஸுல ஒரு சொட்டுச் சிந்தாமக் கொண்டாந்திருக்கேன். இன்னைக்கிக் காய்ச்சாம நான் போக மாட்டேன்" என்றார். மேலே கூட்டிக்கொண்டு போனேன். என் கணவர் வீட்டில் இல்லை, கடைக்குப் போயிருந்தார்.

அம்மா புதுப் பாத்திரத்தைத் தேட ஆரம்பித்தார். நான் அவரைக் கதிரையில் உட்காரவைத்தேன். எனக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது. கணவர் சொன்னதை அப்படியே சொன்னேன். சொந்த வீடு, சாவகச்சேரி, கிளிநொச்சி, தறப்பாள். எல்லா இடத்திலும் பொங்கியது, எல்லாவற்றையும் விட்டு ஓடினார்கள் என்று.

அம்மா போத்தலைக் கீழே வைக்கவே இல்லை. 

"தறப்பாளுக்குள்ளயுமா காய்ச்சுனாங்க அந்தம்மா?" என்று கேட்டார்.

"ஆமா."

"பால்மாவுலயா?"

"ஆமாம்மா."

"புள்ளைங்களையும் வச்சுக்கிட்டு..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அது எப்புடித்தான் மனசு வந்துச்சோ ஒவ்வொரு வாட்டியும். நானா இருந்தா பாத்திரத்தத் தூக்கி எறிஞ்சிருப்பேன்."

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. என் கணவர் ஒரு கையில் பாணும் மறுகையில் மரக்கறிப் பையுமாக உள்ளே வந்தார். அம்மாவைக் கண்டதும் "வாங்கோ மாமி" என்று சிரித்தவர், மடியிலிருந்த போத்தலைக் கண்டதும் நின்றுவிட்டார். அவர் முகம் வாடியதை நானும் பார்த்தேன், அம்மாவும் பார்த்தார். என் கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். சொல்லிவிட்டேன் என்று கண்ணால் சொன்னேன். அவர் பையைக் கீழே வைக்கவும் மறந்து நின்றார்.

அம்மா எழுந்துபோய்ப் போத்தலை அவர் கையில் கொடுத்தார்.

"கறந்த பாலு மாப்பிள்ள, கெட்டுப்போயிரும். பஸ்ஸுல வந்தது தல வலிக்குது. எனக்கு இஞ்சி தட்டிப் போட்டு ஒரு தேத்தண்ணி குடுங்க. இவ போட்டா வாயில வைக்க முடியாது."

அவர் "ஓம் மாமி" என்றார். பெட்டியைத் திறந்து, துணியைப் பிரித்துச் சட்டியை எடுத்தார், பாலை ஊற்றினார், அடுப்பைப் பற்றவைத்தார். அம்மா திரும்பவும் கதிரையில் போய் உட்கார்ந்து, தோட்டத்தில் இந்த வாரம் பெய்த மழையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். என் கணவர் இஞ்சியைத் தட்டுவதற்காக அடுப்புக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். பால் ஏற ஆரம்பித்தது. நான் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன், என்ன செய்வதென்று தெரியாமல்.

மழைக் கதையைப் பாதியில் விட்டுவிட்டு அம்மா கதிரையிலிருந்து எழும்பினார்.

"மாப்பிள்ள, அடுப்பப் பாருங்க! பொங்கிரப் போகுது!"